தோட்டத்து வெள்ளியும் பல்கலைக்கழக நூற்பட்டியலும்



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நீலாயிலும் சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் உள்ள கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயில்கின்றனர். தம் பாட்டன் வாழ்ந்த தோட்டத்தைப் பற்றியோ, மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஒருவரைப் பற்றியோ இடுபணி எழுத வேண்டிய நிலை அவர்களுக்கு வருகிறது. அவர்கள் நேராக நூலகத்துக் கணினியின் முன் அமர்ந்து ஒரு பெயரைத் தட்டச்சு செய்கின்றனர். பல வேளைகளில் திரையில் தோன்றும் விடை, 'எதுவும் இல்லை' என்பதே.

நூல் உண்மையிலேயே இல்லையா? அல்லது நூல் நிலைப்பேழையில் இருந்தும் கணினிக்கு அது தெரியவில்லையா? இவ்விரண்டும் வேறு வேறு குறைகள். இரண்டிற்கும் தனித்தனி வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நம் தோட்டங்களிலிருந்தே தொடங்கலாம்.

1. தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி ஒன்றை அமைக்க வேண்டும் என்றது. லாபு, லிங்கி, ரந்தாவ், சிலியாவ், சுவா பெத்தோங், பகாவ் எனப் பரந்து கிடந்த தோட்டங்களில் இவ்வாறு தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. அவற்றுள் பல ஓரறைக் கொட்டகைகளே. பள்ளிக்கு வெளியே படிப்பதற்கென இருந்தவை, இளைஞர் மன்றத்தின் படிப்பகமும் கோயில் மண்டபத்தில் வந்து விழும் நாளிதழுமே. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்', 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகிய ஏடுகளை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது தோட்டத்து வழக்கம்.

அத்தகைய சூழலில் வாழ்ந்தவர்கள் பல்கலைக்கழக நூலகம் ஒன்றுக்கு உதவினார்கள் என்றால் இளைய தலைமுறை வியக்கக்கூடும். ஆனால் அது நடந்தது. 1950களில், மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், அங்கு அமையவிருந்த இந்திய இயல் துறையில் எந்த மொழி முதன்மை பெறுவது என்ற வினா எழுந்தது. தமிழே முதன்மை பெறவேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி பரப்புரை செய்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டினார். அத்துறையில் தமிழ் நிலைபெறவும் தமிழ் நூல்கள் சேரவும் பொதுமக்களிடமிருந்து சிறு சிறு தொகைகள் வந்தன. தோட்டத் தொழிலாளர்களும் தம் நாட்கூலியிலிருந்து கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது. 1959இல் கோலாலம்பூருக்கு வந்தது.

பட்டம் பெறுவோம் என்று கனவிலும் எண்ணாதவர்கள், பட்டம் பெறப்போகும் பிள்ளைகளுக்காகக் கொடுத்த பணம் அது. இக்கட்டுரை முழுவதிலும் அந்த வெள்ளியை மனத்தில் வைத்திருங்கள்.

2. தமிழ் நூல்களைப் பட்டியலிட்ட முன்னோடிகள்

நூல்களைச் சேர்ப்பது பாதிப்பணி. பட்டியலிடுவது மறுபாதி. இதனை உலகிற்கு உரத்துச் சொன்னவர் ஒரு தமிழரே. சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித விரிவுரையாளராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர் சீ. இரா. அரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகளை இன்றும் உலகெங்கும் நூலகர்கள் பாடமாகப் பயில்கின்றனர். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்கவேண்டும் என்பது ஒரு விதி. நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடையவேண்டும் என்பது அடுத்த விதி. இரண்டாவதாகச் சொன்னதே நம் பேசுபொருளுக்கு நெருக்கமானது. எவரும் தேடிக் கண்டடைய முடியாத நூல், நூலகத்தில் இருந்தும் இல்லாததே.

மலேசியாவில் இப்பணியை முன்னெடுத்தவர்களுள் இருவரை நாம் மறக்கலாகாது. 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைக்கு வந்த சேவியர் தனிநாயகம் அடிகள், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்கத் தூணாக நின்றவர் என்பதை அனைவரும் அறிவர். அதே ஆண்டில் தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டி நூல் ஒன்றையும் அவர் வெளியிட்டார் என்பதைச் சிலரே அறிவர். மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழி வந்த நூல் அது.

அடுத்தவர் இராம. சுப்பையா. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடித் தொகுத்து அவர் அமைத்த பட்டியல், 'தமிழ் மலேசியானா' என்னும் பெயரில் 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் வெளியீடாக வந்தது. இந்நாட்டில் நம்மவர் என்னென்ன எழுதினார்கள் என்று அறிய விரும்பும் எவரும் இன்றும் தொடங்க வேண்டிய இடங்களுள் ஒன்று அது. கணினி இல்லை, இணையம் இல்லை, நூலை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து எழுதிய பட்டியல் அது.

3. அட்டையிலிருந்து கணினிக்கு

அக்காலத்து நூலகங்களில் அட்டைப் பட்டியலே அரசாட்சி செய்தது. நூலுக்குப் பல அட்டைகள் உண்டு. ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் ஒன்று என எழுதி இழுப்பறைகளில் அடுக்குவார்கள். ஒரே நூல் ஐம்பது கல்லூரிகளில் இருந்தால், ஐம்பது இடங்களில் ஐம்பது பேர் அதே அட்டைகளைத் தட்டச்சு செய்தார்கள். இவ்வீண் உழைப்பைக் குறைக்கவே கணினி நூலகத்துக்குள் வந்தது.

முதற்படி 1960களில் நடந்தது. அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் ஹென்றியட் அவ்ராம் என்னும் பெண்மணியின் தலைமையில், கணினி படிக்கக்கூடிய பட்டியல் வடிவம் ஒன்று உருவாயிற்று. 'மார்க்' என்பது அதன் பெயர். ஆசிரியர் பெயர் எங்கே, தலைப்பு எங்கே, பதிப்பாண்டு எங்கே என்று ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துப் பிரித்து வைப்பதே இதன் அடிப்படை.

அடுத்த படி வலையமைப்பு. 1967இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் 54 கல்லூரிகள் கூடி ஒரு மையத்தை அமைத்தன. 1971 ஆகசுட்டு 26ஆம் நாள், ஒகாயோ பல்கலைக்கழக நூலகத்தார் தொலைபேசிக் கம்பி வழி அம்மையக் கணினியோடு இணைந்து நூல்களைப் பட்டியலிட்டனர். முதல் நாளில் முடிந்தவை 133 நூல்கள். ஒரு நூலகம் பதிந்ததை மற்றவை எடுத்துக்கொள்ளலாம் என்பதே இதன் சிறப்பு. இன்று 'வேர்ல்டுகேட்' என்று வழங்கும் உலகப் பொதுப் பட்டியல் அன்று போட்ட வித்தின் மரம்.

மலேசியா இதில் பின்தங்கி நிற்கவில்லை. 1978இல் நம் நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களும் தேசிய நூலகமும் சேர்ந்து 'மால்மார்க்' என்னும் கூட்டுப் பட்டியல் திட்டத்தைத் தொடங்கின. பல்கலைக்கழகங்களுக்கிடையே 1980களின் பிற்பகுதியில் கணினி இணைப்பு முயற்சிகள் நடந்தன. 1992இல் 'ஜாரிங்' வழி இணையம் வந்தது. அதன்பின் ஒரு நூலகத்தின் பட்டியலை வேறோர் ஊரிலிருந்து பார்ப்பது இயல்பாயிற்று. இந்தியாவிலும் இதே காலத்தில் டெல்லி நூலகங்களின் 'டெல்நெட்' 1988இலும், பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களை இணைக்கும் 'இன்ஃப்லிப்நெட்' 1991இலும் தொடங்கின.

4. நம் நூல்களுக்கு என்ன நேர்ந்தது?

வலையமைப்பின் பயன், ஒருவர் பதிந்ததைப் பலர் எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. இலண்டனில் அச்சான ஓர் ஆங்கில நூலைச் சிரம்பான் கல்லூரி ஒன்று வாங்கினால், அதற்கான பதிவு முன்னரே ஆயத்தமாக இருக்கும்; சில நொடிகளில் படியெடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அச்சான நூல்களுக்கும் ஓரளவு அவ்வசதி கிட்டியது. 1962 முதல் காங்கிரசு நூலகம் இந்திய நூல்களைப் பெருமளவில் வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியதால் அவற்றுக்குப் பதிவுகள் உருவாயின.

ஆனால் மலேசியத் தமிழ் நூல்? ஐந்நூறு படி அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் பாதியும் நண்பர்களிடம் மீதியும் போன சிறுகதைத் தொகுப்பு? அதற்கு இலண்டனிலும் பதிவு இராது. வாசிங்டனிலும் பெரும்பாலும் இராது. இங்கேயே, தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு நூலகர் புதிதாக எழுதினால்தான் உண்டு. அத்தகைய நூலகர் ஒருவரும் இல்லாத கல்லூரியில் அந்நூல் பெட்டியில் காத்துக் கிடக்கும். ஆகவே, உலகத்து நூல்களுக்கெல்லாம் உழைப்பைக் குறைத்த வலையமைப்பு, நம் நாட்டுத் தமிழ் நூலுக்கு மட்டும் உழைப்பைக் குறைக்கவில்லை. இது எவருடைய வஞ்சனையும் அன்று, அமைப்பின் இயல்பு. இயல்பு என்று அறிந்தால்தான் மாற்று வழியும் தேட முடியும்.

5. வலி, வழி, வளி

பதிவு எழுதப்பட்ட நூல்களுக்கும் வேறோர் இடர் இருந்தது. தொடக்ககாலக் கணினிகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆகையால் தமிழ்த் தலைப்புகளை உரோமன் எழுத்தில் மாற்றிப் பதிந்தார்கள். அதற்கென உலக நூலகங்கள் வகுத்த முறையில் ல, ள, ழ ஆகிய மூன்றுக்கும் அடிப்படை எழுத்து ஒன்றே. கீழே இடும் புள்ளியும் கோடுமே வேறுபாடு. தேடும்போதோ கணினி அப்புள்ளிகளைப் பொருட்படுத்துவதில்லை. விளைவு, 'வலி', 'வழி', 'வளி' மூன்றும் ஒரே சொல்லாகிவிட்டன! 'பள்ளி' என்று தேடினால் 'பல்லி'யும் சேர்ந்து வரும். வகுப்பில் ழகரம் பிழைத்தால் நாம் பிள்ளைகளைத் திருத்துகிறோம். நூலகக் கணினியோ பல்லாண்டுகள் அப்பிழையைச் செய்துகொண்டே இருந்தது.

பெயர்களின் நிலை இன்னும் சிக்கலானது. அம்முறையில் 'சுப்பிரமணியம்' என்னும் பெயர் ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தில் தொடங்கும். ஏனெனில் சகரத்துக்கு அவ்வெழுத்தே ஒதுக்கப்பட்டது. நம் பிள்ளையின் அடையாள அட்டையிலோ அப்பெயர் வேறோர் எழுத்தில் தொடங்குகிறது. தன் பாட்டனார் பெயரைத் தான் அறிந்தவாறு தட்டச்சு செய்யும் மாணவருக்கு விடை கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். நூல் இருக்கிறது, பதிவும் இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் எழுத்துமட்டும் அவர் அறியாத எழுத்தாக இருக்கிறது.

6. தமிழ் எழுத்து கணினியில் ஏறியது

இந்நிலையை மாற்றியதில் மலேசியத் தமிழர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' மென்பொருள் வழி நம்முள் பலர் முதன்முதலில் கணினியில் தமிழ் எழுதினோம். ஆனால் 1990களில் நாளிதழுக்கு ஓர் எழுத்துரு, நிறுவனத்துக்கு ஓர் எழுத்துரு எனக் குழப்பம் மிகுந்திருந்தது. ஒரு கணினியில் எழுதிய தமிழ் இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரிந்தது. அச்சூழலில் எந்த நூலகமும் தமிழெழுத்தில் பட்டியல் அமைக்கத் துணியாததில் வியப்பில்லை.

எழுத்துக் குறியீட்டைச் சீர்ப்படுத்த 1999இல் சென்னையிலும், 2000இல் சிங்கப்பூரிலும், 2001இல் நம் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. 1991இலேயே யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. பின்வந்த ஆண்டுகளில் கணினிகள் அதனை ஏற்கத் தொடங்கின. 2010இல் தமிழ்நாட்டரசு அதனைத் தரமாக அறிவித்தது. இதற்கிடையே 1998 பொங்கல் நாளில் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' இலக்கியங்களைத் தன்னார்வலர் உழைப்பால் இணையத்தில் ஏற்றியது. ஈழத்து நூல்களுக்காக 2005இல் 'நூலகம்' தொடங்கியது.

இப்போது நூலகக் கணினிகளும் தமிழெழுத்தை ஏற்கும் ஆற்றல் பெற்றுள்ளன. மார்க் வடிவத்தில் 880 என்னும் எண் கொண்ட இடம் ஒன்று உண்டு. உரோமன் எழுத்தில் உள்ள தலைப்பை அதன் மூல எழுத்திலேயே மீண்டும் பதிவதற்கான இடம் அது. அவ்விடத்தை நிரப்பினால் 'வழி' என்று தேடுபவருக்கு வழியே கிடைக்கும். ஆயினும் பழைய பதிவுகள் தாமாகத் தமிழாகிவிடா. ஒருவர் அமர்ந்து ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். கருவி வந்துவிட்டது, கைகளே வேண்டும்.

7. பட்டியலுக்கே வராத தோட்டத்து ஏடுகள்

இதுவரை பார்த்தது நூலகத்துக்குள் சென்ற நூல்களின் கதை. செல்லாதவற்றின் கதை இன்னும் கவலைக்குரியது.

தோட்டங்கள் எழுத்தின்றி இருக்கவில்லை. தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா மலர், கோயில் குடமுழுக்கு மலர், மன்ற ஆண்டறிக்கை, கூட்டுறவுக் கழகக் கணக்கு, திருமண வாழ்த்துமடல் என எத்தனையோ அச்சாயின. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954இல் உருவானபின் அதன் 'சங்கமணி' இதழ் தோட்டந்தோறும் வந்தது. இவற்றில்தான் நம் முன்னோரின் பெயர்கள் உள்ளன. கோயிலுக்கு வெள்ளி கொடுத்த மண்டோர், பள்ளிக்கு மேசை செய்து தந்த தச்சர், கபடிக் குழுவின் தலைவர் ஆகியோரை வேறெந்த வரலாற்று நூலும் குறிப்பிடாது.

வெளியிடுவோர் நூல்களைத் தேசிய நூலகத்துக்கு அனுப்பவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சிட்ட வெளியீட்டில் ஐந்து படிகள் அனுப்பப்பட வேண்டும். விழா மலர் போடும் நம்முள் எத்தனை பேர் அதனை எண்ணிப் பார்க்கிறோம்?

காலமோ காத்திருக்கவில்லை. விடுதலைக்குப்பின் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. 1990களிலிருந்து நீலாயைச் சுற்றியும் சிரம்பானைச் சுற்றியும் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. இன்று மாணவர்கள் பயிலும் கல்லூரிகள் சிலவே முன்னாள் தோட்ட நிலத்தில்தான் நிற்கின்றன. இலயங்கள் இடிபட்டபோது மக்கள் துணிமணிகளையும் சாமி படங்களையும் எடுத்துச் சென்றார்கள். பழைய மலர்கள் பல பழைய தாளோடு போயின.

ஓரிடத்தில் மட்டும் இருக்கும் ஏட்டின் நிலை என்னவாகும் என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. 1981இல் அங்குப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாதவை மீளவே இல்லை. இதற்கு மாறான சான்றும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் மலர், துண்டறிக்கை, அழைப்பிதழ் எனப் பிறர் வீசியெறிந்தவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று, பட்டியலிடப்பட்டது, நுண்படமாக்கப்பட்டது. இன்று உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் அங்கு வருகிறார்கள். முத்தையா சேர்த்தது பெரிது. பட்டியலானதால் அது பிறருக்கும் உரியதாயிற்று.

8. ஆசிரியர்களும் பெற்றோர்களும் செய்யக்கூடியவை

இவை பெரும்பணம் கேட்கும் பணிகள் அல்ல.

ஒன்று: பள்ளி நூல்வள மையத்தில் உள்ள பழைய மலர்களையும் உள்ளூர் நூல்களையும் தனியே எடுத்துக் கணினியில் ஒரு பட்டியல் அமையுங்கள். ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, அச்சகம், ஊர் ஆகிய ஐந்தும் போதும். யூனிகோடு தமிழில் எழுதுங்கள். அருகில் அடையாள அட்டையில் உள்ளவாறு உரோமன் எழுத்திலும் பெயரை எழுதுங்கள்.

இரண்டு: தோட்டத்தின் பெயரைப் பதியும்போது நிருவாகப் பெயரையும் மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயரையும் சேர்த்தே பதியுங்கள். பாட்டி சொல்லும் பெயரை மட்டும் அறிந்த பேத்தியும் அதனைக் கண்டடைய வேண்டும்.

மூன்று: மென்பொருள் வேண்டுமாயின் 'கோகா' இருக்கிறது. நியூசிலாந்தின் சிற்றூர் நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது, இலவசமானது, தமிழெழுத்தை ஏற்பது. மவோரி மொழியில் அச்சொல்லுக்குக் கொடை என்று பொருள்.

நான்கு: அடுத்த விழா மலர் அச்சாகும்போதே தேசிய நூலகத்துக்குரிய படிகளையும், ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு படியையும் ஒதுக்கிவிடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்பில் இதனைத் தீர்மானமாக எழுதிவிட்டால் மறவாது.

ஐந்து: பிள்ளை பயிலும் கல்லூரி நூலகத்தில் தமிழ் நூல்களுக்கு 880ஆம் இடம் நிரப்பப்பட்டுள்ளதா என்று பணிவோடு கேட்கச் சொல்லுங்கள். 'தமிழ் படிக்கத் தெரியும், உதவட்டுமா?' என்று கேட்கும் மாணவரை எந்த நூலகரும் விரட்டமாட்டார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளைக்கு இப்பணியைச் செய்யும் தகுதி முழுமையாக உண்டு.

நிறைவாக

1950களில் ஒரு தோட்டத் தொழிலாளி தன் கூலியிலிருந்து ஒரு தொகையை எடுத்து, தான் நுழையவே வாய்ப்பில்லாத பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். நூல்கள் வந்தன. அட்டை எழுதப்பட்டது, கணினி வந்தது, வலையமைப்பு வந்தது, தமிழ் எழுத்தும் வந்தது. எஞ்சியிருப்பது ஒரு சிறு பணியே. அந்நூலின் பெயரை அவர் பேரன் தட்டச்சு செய்யும்போது திரையில் தெரியும்படி யாரேனும் எழுதி வைக்கவேண்டும்.

அவர் வெள்ளி கொடுத்தார். நாம் ஒரு மாலைப்பொழுதைக் கொடுக்கலாமே!

பட்டியலிடுவோம், பாதுகாப்போம்!